டிராக்பால் வாங்குமுன் கையைப் பாருங்கள்

"மவுஸ் பிடிக்க வரலைன்னா டிராக்பால் வாங்கிக் கொடுங்க" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மவுஸுக்குப் பதிலாக, பந்தை உருட்டித் திரையில் அம்புக்குறியை நகர்த்தும் சாதனம் அது. நல்ல யோசனைதான். ஆனால் டிராக்பாலில் பல விதம் உண்டு. ஒருவர் நாள் முழுக்க அலுக்காமல் உருட்டும் அதே பொருள், இன்னொருவர் வீட்டில் முதல் வாரத்திலேயே அலமாரிக்குள் போய்விடுகிறது. பெங்களூரில் அல்சூர், காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இதைப் பொருத்திக் கொடுத்துப் பழக்கியும் விடுகிறவன் நான். பார்த்தவரையில், பிராண்டில் தொடங்கியவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கையில் தொடங்கினால் செலவும் குறையும், சலிப்பும் குறையும்.

பக்கவாதம், செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்), தசைநலிவு, முதுகுத்தண்டுக் காயம், மூட்டுவாதம், பார்கின்சன் நடுக்கம் என்று காரணம் எதுவானாலும் கீழே சொல்லும் வரிசை பொருந்தும். பயன்படுத்தப் போகிறவரும் உதவி செய்கிற வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தால் நல்லது. முடிவு மட்டும் பயன்படுத்தப் போகிறவருடையதாக இருக்கட்டும்.

அது என்ன செய்கிறது

மவுஸில் முழுச் சாதனமும் நகர வேண்டும். அதற்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். நகர்த்தும்போது பிடியும் நழுவக் கூடாது. டிராக்பாலில் சாதனம் ஒரே இடத்தில் கிடக்கும். அதன்மேல் இருக்கும் பந்தை உருட்டினால் திரையில் கர்சர் (அம்புக்குறி) நகரும், கையை எடுத்தால் கர்சர் அங்கேயே நிற்கும். இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம். கர்சரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கையை எடுத்து, ஆற அமர மூச்சு வாங்கிக்கொண்டு, அப்புறம் கிளிக் செய்யலாம். நகர்த்துவதும் கிளிக் செய்வதும் இரண்டு தனித்தனி வேலைகளாகப் பிரிந்துவிடுகின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நிறையப் பயன்படும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. கனடா கடற்படைக்காக உருவான டாட்டார் என்ற திட்டத்தில் 1952 வாக்கிலேயே ஒரு பௌலிங் பந்தை வைத்து டிராக்பால் செய்துவிட்டார்கள். மவுஸைக் கண்டுபிடித்த எங்கல்பார்ட் அதன் முதல் மாதிரியைச் செய்ததே 1964-இல்தான்.

முதல் வேலை: எந்த இடம் நம்பகமாக அசைகிறது?

கை 'எவ்வளவு' அசைகிறது என்று பார்ப்பதைவிட 'எந்த இடம்' சொன்னபடி அசைகிறது என்று பாருங்கள். நாற்காலியில் வழக்கமாக உட்காரும் நிலையில், முன்கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கட்டைவிரலைப் பக்கவாட்டில் ஆட்ட வருகிறதா? ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து முன்னும் பின்னும் போகின்றனவா? விரல்கள் மடங்கியே இருந்தாலும் முட்டியாலோ உள்ளங்கையின் ஓரத்தாலோ ஒரு பொருளைத் தள்ள முடிகிறதா? கையே வராவிட்டால் கால்? பெரிய பந்து வைத்த டிராக்பாலைத் தரையில் வைத்து, பாதத்தால் உருட்டுகிறவர்களும் உண்டு.

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள். பெங்களூரில் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் விரல் விறைத்துக்கொள்கிறவர்களுக்கு மதியக் கையும் காலைக் கையும் ஒன்றல்ல. மோசமான நேரத்துக் கையை வைத்துத்தான் சாதனம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது அளவு. இதற்குக் காசு செலவழிக்காமல் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு டேபிள் டென்னிஸ் பந்தும் ஒரு டென்னிஸ் பந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். டேபிள் டென்னிஸ் பந்து 40 மி.மீ.; கடையில் கிடைக்கும் நடுத்தர டிராக்பாலின் பந்தும் அதே அளவுதான். டென்னிஸ் பந்து சுமார் 65 மி.மீ.; இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே செய்யப்படும் பெரிய டிராக்பால்களுக்கு அது கிட்டத்தட்ட ஈடு. பந்தைவிட வாய் சற்றுச் சிறியதாக உள்ள ஊறுகாய்க் கிண்ணம் மாதிரி எதன்மேலாவது பந்தை உட்கார வைத்து, அது விழாமல் இருந்த இடத்திலேயே சுழற்றச் சொல்லுங்கள். டென்னிஸ் பந்தின் சொரசொரப்பு ஏமாற்றும், அதனால் அளவையும் கை போகும் விதத்தையும் மட்டும் கவனியுங்கள். சிறிய பந்து கைக்குத் தப்பித் தப்பி ஓடுகிறதா, பெரிய பந்தை உருட்டக் கை முழுவதையும் தூக்க வேண்டியிருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

பந்தின் வகைகள்

கட்டைவிரலால் உருட்டும் வகைதான் இங்கே அதிகம் கண்ணில் படுகிறது. லாஜிடெக்கின் எம்575, எம்எக்ஸ் எர்கோ இரண்டும் இந்த ரகம். பந்து 34 மி.மீ. கை முழுவதும் சாதனத்தின்மேல் படுத்துக்கொள்ளும், கட்டைவிரல் மட்டும் வேலை செய்யும். பலம் குறைவாக இருந்தாலும் விரல் துல்லியம் மிச்சம் இருப்பவர்களுக்கு, உதாரணமாகத் தசைநலிவு உள்ள சிலருக்கு, இது நன்றாக அமையும். ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இவை வலது கைக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டவை. வலப்பக்கம் வாதம் வந்து இடது கையை நம்பியிருப்பவருக்கு உதவாது. எலகாம் என்ற ஜப்பானிய நிறுவனம் இடது கைக்கென்று ஒன்று செய்கிறது, ஆனால் இங்கே அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டு, கட்டைவிரல் அடியில் ஏற்கெனவே வலியோ தேய்மானமோ இருந்தால் எல்லாச் சுமையையும் அந்த ஒரு விரல்மேல் போடுவது நல்லதல்ல.

நடுவில் பந்து வைத்து, விரல்களால் உருட்டும் வகை இரண்டு கைக்கும் பொது. கென்சிங்டன் ஆர்பிட் 40 மி.மீ. பந்தோடு வருகிறது. அதன் ஒரு வகையில் பந்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் திரையில் உள்ள பக்கம் மேலும் கீழும் போகும். அதே நிறுவனத்தின் எக்ஸ்பர்ட் மவுஸ், ஸ்லிம்பிளேட் இரண்டிலும் 55 மி.மீ. பந்து. உள்ளங்கையாலோ முட்டியாலோ தள்ளுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். எக்ஸ்பர்ட் மவுஸ் கொஞ்சம் உயரம். மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்து நிற்கும். மணிக்கட்டில் நரம்பு அழுத்தம் உள்ளவர்கள் கைக்கு அடியில் துணியை மடித்து வைத்து உயரத்தைச் சமன் செய்துகொள்ள வேண்டும். எக்ஸ்பர்ட் மவுஸ், ஸ்லிம்பிளேட் இரண்டிலும் பந்து சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. சாய்த்தால் உருண்டு ஓடிவிடும். மடியில் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

கை எதிர்பாராமல் துள்ளுகிறவர்களுக்கென்று தனியாகச் செய்தவையும் உண்டு. பிக்டிராக் என்பதில் 3 அங்குலப் பந்து, அதற்குப் பின்னால் இரண்டு பெரிய பொத்தான்கள். என்-ஏப்ளர் என்பதில் 64 மி.மீ. பந்து; பொத்தான்கள் பள்ளத்துக்குள் இருப்பதால் தவறிக் கை பட்டாலும் அமுங்காது. திரையில் கோப்பு போன்றவற்றை இழுத்துவிடுவதற்குத் தனிப் பொத்தானும் உண்டு. வெளிநாட்டுச் சரக்கு என்பதால் சாதாரண டிராக்பாலைவிடப் பல மடங்கு விலையாகும். ஆகவே சோதித்துப் பார்க்காமல் இவற்றை வாங்காதீர்கள். 55 மி.மீ. போதுமான பலருக்கு இவை தேவைப்படுவதே இல்லை.

கிளிக்தான் உண்மையான தலைவலி

எல்லோரும் பந்தைப் பற்றியே பேசுவார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பந்து ஒரே நாளில் பழகியிருக்கும். கிளிக் செய்யும்போது கை பந்தில் பட்டுக் கர்சர் நகர்ந்துவிடுகிறது என்பதுதான் புகாராக இருக்கும். நகர்த்துவதும் கிளிக்கும் தனித்தனி வேலைகள் என்று சொன்னேன் அல்லவா? அதனால் இரண்டையும் ஒரே கை, ஒரே சாதனம் செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மிக மலிவான வழி, இரண்டாவதாக ஒரு சாதாரண யுஎஸ்பி மவுஸ். ஒரு கணினியில் இரண்டையும் ஒரே நேரத்தில் செருகலாம், இரண்டுமே வேலை செய்யும். இந்த மவுஸின் அடியில் உள்ள சென்சார்மேல் கறுப்பு டேப் ஒட்டி, மேசையோடு சேர்த்துப் பொருத்திவிடுங்கள். இனி அது கிளிக் செய்ய மட்டும். வலது கை பந்தை உருட்ட, இடது கை கிளிக் செய்யும். நடுக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய நிம்மதி.

இதைவிட எனக்குப் பிடித்தது எண் விசைப்பலகை. விண்டோஸில் 'மவுஸ் கீஸ்' என்று ஒரு வசதி உண்டு. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் மவுஸ் என்ற இடத்தில் இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், விசைப்பலகையில் 'நம்லாக்' (Num Lock) விளக்கு எரியும்போது எண் பலகையின் 5 என்ற விசை கிளிக் ஆகிவிடும். கூட்டல் குறி டபுள் கிளிக். பூஜ்யம் அழுத்தினால் பொத்தானை அழுத்திப் பிடித்த மாதிரி. புள்ளி அழுத்தினால் விட்ட மாதிரி. கழித்தல் குறியை அழுத்திவிட்டு 5 அழுத்தினால் வலது கிளிக். வகுத்தல் குறியை அழுத்தினால் மறுபடி இடது கிளிக்குக்குத் திரும்பும். அதாவது டபுள் கிளிக்கின் வேகம், இழுக்கும்போது விரலை அமுக்கியே வைத்திருப்பது ஆகிய இரண்டு பெரிய தொல்லைகளும் ஒவ்வொரு விசையோடு முடிந்துவிடுகின்றன. மடிக்கணினியில் எண் பலகை இல்லையென்றால் தனியாக யுஎஸ்பியில் கிடைக்கிறது, விலையும் பெரிதல்ல. கை தடுமாறுகிறவர்களுக்காக வேண்டிய விசைகளின்மேல் பொட்டு ஒட்டி அடையாளம் வைக்கலாம். நெற்றிப்பொட்டு இதற்கு அருமையாக ஒட்டும்.

எந்த விசையையும் அழுத்தவே முடியாதவர்களுக்கு, கர்சரைச் சில நொடி அசையாமல் வைத்தால் தானாகவே கிளிக் ஆகும் வசதி இருக்கிறது. மேக்கில் அக்சஸிபிலிட்டிக்குள் 'ட்வெல்' என்ற பெயரிலும், உபுண்டுவில் 'ஹோவர் கிளிக்' என்ற பெயரிலும், பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் 'ஆட்டோகிளிக்' என்ற பெயரிலும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. விண்டோஸுக்குத் தனி மென்பொருள்கள் கிடைக்கின்றன. விண்டோஸின் திரை விசைப்பலகையில் மட்டும், ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போனால் எழுத்தின்மேல் கர்சரை நிறுத்தியே தட்டச்சு செய்யும் வழி உண்டு. முதலில் நேரத்தை நீளமாக வையுங்கள். குறைவாக வைத்தால் படிக்க நிறுத்திய இடமெல்லாம் கிளிக் ஆகி எரிச்சல் வரும்.

இழுப்பதை முடிந்தவரை தவிர்ப்பதும் ஒரு வழிதான். ஒரு பத்தியைத் தேர்வு செய்ய இழுக்கத் தேவையில்லை: தொடக்கத்தில் ஒரு கிளிக், முடிவிடத்தில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஒரு கிளிக். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாதவர்கள் 'ஸ்டிக்கி கீஸ்' வசதியை இயக்கிக்கொள்ளலாம். ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினால் கணினியே கேட்கும். கோப்புகளை இழுத்துப் போடாமல் கட், பேஸ்ட் செய்யுங்கள்.

வைக்கும் இடம்

முழங்கையும் முன்கையும் எதன்மேலாவது சாய்ந்திருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும் கைக்கு எந்தப் பந்து வாங்கிக் கொடுத்தும் பலனில்லை. மேசை உயரமாக இருந்தால் நாற்காலியை உயர்த்துங்கள். சக்கர நாற்காலி மேசைக்கடியில் போகாவிட்டால் மடியில் தலையணை வைத்து, அதன்மேல் பரீட்சை அட்டை வைத்து, அதில் வெல்க்ரோ போட்டுச் சாதனத்தை ஒட்டுங்கள். பந்து கழன்று விழாத வகைகளுக்கு மட்டும்தான் இது. மேசையில் என்றால், அலமாரித் தட்டில் விரிக்கும் ரப்பர் விரிப்பை ஒரு துண்டு வெட்டிக் கீழே போட்டாலே சாதனம் நகராது. கொஞ்சம் சாய்வாக வேண்டுமென்றால் அட்டையை மடித்து ஒரு பக்கம் முட்டுக்கொடுங்கள்.

ஒயர் உள்ளதா, இல்லாததா? படுக்கையிலிருந்து பயன்படுத்துகிறவர்களுக்கு ஒயர் இல்லாதது வசதி. மற்றபடி நான் ஒயர் உள்ளதையே சொல்வேன். பேட்டரி மூடியைத் திறக்க இன்னொருவரை எதிர்பார்த்து உட்கார வேண்டியதில்லை.

வேகத்தைச் சரிசெய்தல்

விண்டோஸில் செட்டிங்ஸ், ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ் என்று போனால் கர்சர் வேகம் இருக்கிறது. விரல் குறைந்த தூரமே போகும் என்றால் வேகத்தைக் கூட்ட வேண்டும். கை துள்ளும் என்றால் குறைக்க வேண்டும். அங்கேயே 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்று ஒன்று இருக்கும். அது செய்வது இதுதான்: மெதுவாக உருட்டினால் கர்சர் நுணுக்கமாகப் போகும், சுண்டிவிட்டால் திரையின் மறு கோடிக்கே பாயும். பலம் குறைந்த, ஆனால் நிதானமான விரலுக்கு இது வரப்பிரசாதம். திடீரென்று உதறும் கைக்கு இதுவே சத்துரு, அணைத்துவிடுங்கள். இரண்டு விதமாகவும் ஒருநாள் வைத்துப் பார்த்தால் கையே சொல்லிவிடும்.

கர்சரின் உருவத்தைப் பெரிதாக்கி, நிறத்தையும் மாற்றிவிடுங்கள். உலாவியில் பக்கத்தைப் பெரிதாக்கினால் கிளிக் செய்ய வேண்டிய இடமும் பெரிதாகும். இதெல்லாம் பார்வைக் குறைபாட்டுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் தொடுவதே இல்லை.

பழகும் நாட்கள்

முதல் சில நாள் வேலை எதுவும் வேண்டாம். கர்சரைத் திரையின் நான்கு மூலைக்கும் கொண்டுபோய் நிறுத்துவது மட்டும். அப்புறம் ஏதாவது தமிழ்ச் செய்தித் தளத்தைப் பெரிய எழுத்தில் திறந்து தலைப்புகளைக் கிளிக் செய்வது. அப்புறம் ஸ்க்ரோல். இழுப்பது கடைசி, அதற்குச் சீட்டாட்டம் சாலிட்டேர் நல்ல பயிற்சி. ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். வலி வந்தால் நிறுத்துங்கள். அடுத்த நாள் உட்காரும் உயரத்தை மாற்றிப் பாருங்கள். புதுப் பந்து முதலில் கொஞ்சம் ஒட்டி ஒட்டி நகரும், கையின் எண்ணெய் ஏறியதும் வழுக்க ஆரம்பிக்கும். அதற்காகத் தேங்காயெண்ணெய் தடவிவிடாதீர்கள், தூசிதான் சேரும்.

தமிழில் நீளமாக எழுத வேண்டியவர்கள் பந்தையும் குரலையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் பட்டியலில் வாய்ஸ் டைப்பிங்கைத் தேர்ந்தெடுத்து, மொழியைத் தமிழ் என்று வைத்துவிட்டுப் பேசினால் எழுத்தாகும். பெயர்ச்சொற்களில் தடுமாறும். அந்த இடத்துக்குக் கர்சரைக் கொண்டுபோய்த் திருத்தப் பந்து. இந்த இரண்டும் சேர்ந்தால் விசைப்பலகையைத் தொடும் வேலை வெகுவாகக் குறைந்துவிடும்.

பெங்களூரில் எங்கே

கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் போய் டிராக்பால் கேட்டால் பல கடைகளில் கேமிங் மவுஸை எடுத்து நீட்டுவார்கள். யுஎஸ்பி எண் பலகை, இரண்டாவது மவுஸ், நீள ஒயர் இவற்றுக்கு அந்தத் தெரு நல்ல இடம். தமிழில் பேசியே வாங்கலாம். நடைபாதை நெரிசல், சக்கர நாற்காலியோடு போக ஏற்ற தெரு அல்ல, வேறு யாரையாவது அனுப்புங்கள். டிராக்பாலை இணையத்தில் வாங்குவதே நடைமுறை. பெட்டி பிரித்த பிறகும் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய செலவுக்கு முன்னால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) ஒருவரிடம் கையைக் காட்டுவது நல்லது. நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் மறுவாழ்வுத் துறை இருக்கிறது. லிங்கராஜபுரத்தில் 1959-லிருந்து இயங்கும் ஏபிடி என்ற மாற்றுத்திறனாளிகள் சங்கமும், வேலைவாய்ப்புப் பயிற்சி தரும் எனேபிள் இந்தியாவும் இந்த ஊரிலேயே உள்ளன. போகும்போது, கை எப்படி அசைகிறது என்று ஃபோனில் எடுத்த வீடியோவைக் கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரிப் பதற்றத்தில் கை வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

வேலைக்குப் போகிறவர்கள் அலுவலகத்தில் கேட்கத் தயங்க வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால், என்னென்ன வசதி தருகிறோம் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். நிறுவன மடிக்கணினியில் மென்பொருள் நிறுவ அனுமதி கிடைப்பது சிரமம் என்பதால், செருகினாலே வேலை செய்யும் சாதாரண யுஎஸ்பி டிராக்பாலையும், விண்டோஸில் ஏற்கெனவே உள்ள மவுஸ் கீஸையும் நம்பித் திட்டமிடுங்கள். சில அலுவலகங்களில் யுஎஸ்பி துளையே பூட்டியிருக்கும். அதையும் அந்த மின்னஞ்சலிலேயே சேர்த்துவிடுங்கள்.

சுத்தம்

கர்சர் திடீரென்று தடுக்கித் தடுக்கிப் போனால் சாதனம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பந்தைத் தாங்கும் மூன்று சிறு மணிகளில் அழுக்கு சேர்ந்திருக்கும். எம்575 போன்றவற்றில் அடியில் ஒரு துளை உண்டு. பென்சிலின் பின்பக்கத்தால் குத்தினால் பந்து வெளியே வரும். பந்து சும்மா உட்கார்ந்திருக்கும் வகைகளில் கவிழ்த்தாலே வந்துவிடும். மணிகளைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, பந்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்துப் போடுங்கள். சாலையோர வீடுகளில் வாரம் ஒருமுறை, மற்ற இடங்களில் தடுக்கும்போது. பந்தை எடுக்கக் கை வராதவர்களுக்கு இதை யார், எந்தக் கிழமை செய்வது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.